பின்பனிக் காலத்துக் காலைப்பொழுது

நம் முன்னோர் ஓர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்தனர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்பன அவை. இவற்றுள் மாசியும் பங்குனியும் பின்பனிக் காலமாகும். ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் மாறி மாறி வரும் சிங்கப்பூரில் வாழும் நாம், இப்பெயர்களைப் பெரும்பாலும் இலக்கியப் பாடத்தில்தான் சந்திக்கிறோம்.

ஐரோப்பாவின் வடபகுதியில் உள்ள பின்லாந்து நாட்டிலும் குளிர்காலத்தின் பிற்பகுதிக்குத் தனிப்பெயர் உண்டு. அதனைக் ‘கெவத்தல்வி’ என்பர். ‘கெவத்’ என்றால் இளவேனில். ‘தல்வி’ என்றால் குளிர்காலம். இரண்டையும் சேர்த்து ஒரே சொல்லாக்கி இருக்கிறார்கள். வெளிச்சம் இளவேனிலைப் போல வளர்ந்துவிட்டது. குளிரோ இன்னும் போகவில்லை. அதுதான் அந்தப் பெயரின் பொருள்.

பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியில் டிசம்பர் இறுதியில் பகல் 6 மணி நேரம்கூட நீடிப்பதில்லை. பிற்பகல் மூன்றரை மணிக்குள் கதிரவன் மறைந்துவிடும். பிப்ரவரித் தொடக்கத்தில் பகல் ஏறத்தாழ 8 மணி நேரம். மாத இறுதியில் 10 மணி நேரத்துக்கும் மேல். அதாவது, நாள்தோறும் ஏறக்குறைய 5 நிமிட வெளிச்சம் கூடுகிறது. ஆயினும், பிப்ரவரியில் வெப்பநிலை பெரும்பாலும் உறைநிலைக்குக் கீழேயே இருக்கும். சில நாள்களில் அது பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி செல்சியஸ் வரையும் இறங்கும். நான்கு மாதங்களாகக் குளிரோடு வாழ்ந்து அலுத்துப்போன பெற்றோர்க்கு, இதுவே பொறுமை குறையும் காலம்.

அங்கே சிறு பிள்ளைகள் உள்ள ஒரு வீட்டைக் கற்பனை செய்து பாருங்கள். பிப்ரவரி மாதத்தின் கடைசி வாரம். காலை மணி 7. வெளியே இன்னும் முழுதாக விடியவில்லை. அம்மா வேலைக்குப் புறப்பட வேண்டும். அதற்கு முன், நான்கு வயது மகளைப் பாலர் பள்ளியில் விட வேண்டும். எட்டு மாதக் குழந்தையை அப்பா வீட்டில் இருந்து பார்த்துக்கொள்கிறார்.

நம் வீடுகளில் சட்டையை மாட்டிக் காலணியை அணிந்தால் பிள்ளை புறப்பட்டுவிடும். அங்கே அப்படி இயலாது. முதலில் உடலை ஒட்டிய மெல்லிய உடை, அதன்மேல் கம்பளி உடை, கம்பளிக் காலுறை, பிறகு உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த, கழுத்து முதல் கணுக்கால் வரை மூடும் முழு உடை. இவற்றோடு தலையையும் கழுத்தையும் மறைக்கும் குல்லா, தடித்த காலணி, கையுறை ஆகியனவும் வேண்டும். இருட்டில் நடப்போர் வெளிச்சத்தைப் பிரதிபலிக்கும் பட்டையை அணிவது அந்நாட்டு வழக்கம். ஆகையால், அதுவும் உடையில் தொங்க வேண்டும்.

“நானே போட்டுக்கொள்வேன்!” என்கிறாள் மகள்.

தரையில் விரித்த முழு உடையின்மேல் உட்கார்ந்து, ஒரு காலை நுழைக்கிறாள். அது வேறு பக்கத்துக் காலுக்கு உரியது. வெளியே எடுத்து மீண்டும் நுழைக்கிறாள். ஜிப்பை மேலே இழுக்கிறாள். அது பாதி வழியில் நின்றுவிடுகிறது. ஒரு கையுறையைக் காணோம். அம்மா கடிகாரத்தைப் பார்க்கிறார். அவரே அணிவித்தால் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். மகள் அணிந்தால் பதினைந்து நிமிடம் ஆகும். அவர் கை ஜிப்பை நோக்கி நீளுகிறது. பிறகு, தாமே கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, காணாமற்போன கையுறையைத் தேடப் போகிறார்.

இதில் என்ன பெரிய செய்தி இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அதற்கான விடை பாலர் பள்ளியில் இருக்கிறது.

பின்லாந்தில் பிள்ளைகள் ஏழு வயதாகும் ஆண்டில்தான் பள்ளிக்கல்வியைத் தொடங்குகின்றனர். அதற்கு முன் பெரும்பாலோர் பாலர் பள்ளிக்குச் செல்கின்றனர். அங்கே குளிர்காலத்திலும் பிள்ளைகள் நாள்தோறும் வெளியே சென்று விளையாடுவார்கள். கடுங்குளிர் நாள்களில் மட்டும் அந்த நேரம் குறைக்கப்படும். மூன்று வயதைக் கடந்த பிள்ளைகள் 7 பேருக்கு ஒரு பணியாளர் என்பது அங்குள்ள கணக்கு. ஒரே ஆள் ஏழு பேருக்கும் ஒவ்வொருவராக உடை அணிவித்தால் என்ன ஆகும்? ஏழாவது பிள்ளை தயாராவதற்குள், முதல் பிள்ளை சூடான அறைக்குள் தடித்த உடையுடன் நின்று வியர்த்துவிடும். வியர்வையில் நனைந்த உடையோடு வெளியே போனால் உடல் விரைவில் குளிர்ந்துவிடும். ஆகவே, ஒவ்வொரு பிள்ளையும் தன்னால் இயன்றவரை தானே உடுத்திக்கொள்ளப் பழக வேண்டும். முடியாத இடத்தில் மட்டும் பெரியவர் கைகொடுப்பார். காலையில் வீட்டில் செலவான அந்தப் பதினைந்து நிமிடம் வீணாகவில்லை என்பது இப்போது புரிகிறது அல்லவா?

வெளியே வந்த பிள்ளைகள் பனியைத் தோண்டுகிறார்கள், மேட்டில் ஏறிச் சறுக்குகிறார்கள், விழுகிறார்கள், எழுகிறார்கள். திரும்பி வரும்போது கையுறையும் காலணியும் நனைந்திருக்கும். அவற்றை உலர்த்துவதற்கென்றே பல பாலர் பள்ளிகளில் வெப்பக்காற்று வீசும் அலமாரிகள் உள்ளன. மாலையில் வெளியே செல்வதற்குள் எல்லாம் காய்ந்துவிடும்.

இதற்கிடையே, வீட்டில் இருக்கும் எட்டு மாதக் குழந்தை என்ன செய்கிறது? அது வெளியே தள்ளுவண்டியில் உறங்கிக்கொண்டிருக்கிறது! குழந்தைகளைப் பகலில் திறந்தவெளியில் உறங்க வைப்பது பின்லாந்தில் நெடுங்கால வழக்கம். கம்பளி உடையும் உறக்கப் பையும் குழந்தையைக் கதகதப்பாக வைத்திருக்கும். அப்பா அடிக்கடி வந்து, குழந்தையின் பிடரியைத் தொட்டுப் பார்க்கிறார். பிடரி சில்லிட்டிருந்தால் குளிர்கிறது என்று பொருள். ஈரமாக இருந்தால் வியர்க்கிறது என்று பொருள். வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரிக்கு இறங்கினால், பல பெற்றோர் குழந்தையை வெளியே உறங்க விடுவதில்லை. பார்ப்பதற்குத் துணிச்சலாகத் தோன்றும் இவ்வழக்கத்தின் பின்னே கவனமும் அளவும் இருக்கின்றன.

குளிருக்கேற்ற உடை இல்லாத ஏழைக் குடும்பம் என்ன செய்யும்? இந்தக் கேள்வியைப் பின்லாந்து முன்பே எண்ணிப் பார்த்தது. அந்நாட்டில் 1938ஆம் ஆண்டு முதல், வருமானம் குறைந்த தாய்மார்களுக்கு மகப்பேற்று உதவி வழங்கப்பட்டது. 1949ஆம் ஆண்டு முதல் அது வருமான வேறுபாடின்றி எல்லாத் தாய்மார்களுக்கும் உரியதாயிற்று. ரொக்கமாகவோ பொருளாகவோ அதனைப் பெறலாம். பொருளாகப் பெறுவோர்க்கு ஓர் அட்டைப்பெட்டி வரும். அதனுள் குழந்தைக்கான உடைகள், குல்லா, குளிர்கால முழு உடை, உறக்கப் பை முதலியன இருக்கும். சிறு மெத்தையும் உண்டு. அதனை விரித்தால் அந்தப் பெட்டியே குழந்தையின் முதல் கட்டிலாகிவிடும். இவ்வுதவியைப் பெற வேண்டுமானால், தாய் கருவுற்ற நான்கு மாதங்களுக்குள் மருத்துவப் பரிசோதனைக்குச் சென்றிருக்க வேண்டும். இதனால் பிறக்கப்போகும் குழந்தைக்கு உடையும் கிடைத்தது. தாய்க்கு உரிய காலத்தில் மருத்துவக் கவனிப்பும் கிடைத்தது.

பின்பனிக் காலத்தில் மகிழ்ச்சியோடு ஆபத்தும் கலந்தே இருக்கிறது. பகலில் பனி சற்றே உருகும். இரவில் மீண்டும் உறையும். நேற்று மென்மையாக இருந்த நடைபாதை இன்று கண்ணாடிபோல் வழுக்கும். கூரையில் குவிந்த பனி திடீரென்று சரிந்து விழும். ஆதலால், அவ்விடங்களில் தடுப்புகள் வைக்கப்படும். எல்லாவற்றையும்விடக் கவனமாக இருக்க வேண்டியது ஏரியிலும் கடலோரத்திலும் உறைந்திருக்கும் பனிக்கட்டியிடம்தான். வெயிலில் அதன் உள்வலிமை குறைந்துவிடும். அது தடிப்பாகத் தெரிந்தாலும் ஆளைத் தாங்காமல் உடையக்கூடும். “பெரியவர் இல்லாமல் பனிக்கட்டியின்மேல் கால் வைக்காதே” என்று பெற்றோர் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். உடையைத் தானே அணிய விடும் அதே அம்மா, இதில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை. எதைப் பிள்ளையிடம் ஒப்படைக்கலாம், எதை ஒப்படைக்கக் கூடாது என்று அறிவதும் வளர்ப்பின் ஒரு பகுதி அல்லவா?

இக்காலத்தில்தான் பள்ளிகளுக்கு ஒரு வாரக் குளிர்கால விடுமுறை வருகிறது. நாடு முழுவதும் ஒரே வாரத்தில் விடுமுறை விட்டால் பனிச்சறுக்கு இடங்களில் கூட்டம் தாங்காது. எனவே, பிப்ரவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை, தெற்கிலிருந்து வடக்காக வெவ்வேறு வாரங்களில் விடுமுறை விடுகின்றனர். ஈஸ்டர் திருநாளுக்கு ஏழு வாரங்களுக்கு முன் ‘லஸ்கியாய்னென்’ என்னும் கொண்டாட்டமும் உண்டு. அன்று குடும்பத்தோடு மேடுகளில் சறுக்கி விளையாடுவர். பட்டாணி சூப் அருந்துவர். பாலேடு நிரப்பிய இனிப்பு பன் உண்பர். நெடுந்தொலைவு சறுக்கினால் அவ்வாண்டு வயலில் ஆளிச்செடி உயரமாக வளரும் என்பது உழவர்களின் பழைய நம்பிக்கை. இன்று ஆளி பயிரிடாத நகரத்துப் பிள்ளைகளும் அதைச் சொல்லிக்கொண்டே சறுக்குகிறார்கள்.

மாலை ஐந்து மணி. அம்மாவும் மகளும் வீடு திரும்புகிறார்கள். டிசம்பரில் இந்த நேரம் இரவாக இருந்தது. இன்று வானத்தில் இன்னும் வெளிச்சம் இருக்கிறது. மகள் வாசலில் உட்கார்ந்து காலணியைக் கழற்றுகிறாள். ஈரக் கையுறைகளைத் தானே எடுத்துச் சென்று சூடேற்றியின் அருகே காயப் போடுகிறாள். அப்பா குழந்தைக்கு வைட்டமின் ‘டி’ சொட்டு மருந்து கொடுக்கிறார். வெயில் குறைந்த அந்நாட்டில், பிறந்து இரண்டு வாரமான குழந்தைக்கும் அது தேவை.

“அம்மா, இன்றைக்கு ஜிப்பை நான்தான் மேலே வரை இழுத்தேன். யாரும் உதவி செய்யவில்லை,” என்கிறாள் மகள்.

காலையில் கடிகாரத்தைப் பார்த்து நின்ற அம்மாவின் முகத்தில் புன்னகை மலர்கிறது.

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்பது நம் பழமொழி. பிள்ளை வளைவதற்கு, பெரியவர் சற்று நேரம் பொறுத்திருக்க வேண்டும். நம் ஊரில் பனி இல்லை. ஆனால், காலை அவசரம் உண்டு. நேரமாகிறது என்று தம்பியின் காலணியை நாமே மாட்டிவிடுகிறோம். சிந்திவிடுவாள் என்று தங்கைக்கு நாமே ஊட்டிவிடுகிறோம். நாளை காலை அவர்கள் “நானே செய்கிறேன்” என்று சொன்னால், ஐந்து நிமிடம் காத்திருந்து பாருங்கள். பின்பனிக் காலத்து வெளிச்சம்கூட ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. நாளுக்கு ஐந்து நிமிடமாகத்தான் வளர்கிறது.

சிந்தித்து விடை கூறுக

1. ‘கெவத்தல்வி’ என்னும் சொல் அக்காலத்திற்கு எவ்வாறு பொருந்துகிறது?
2. பாலர் பள்ளியில் ஒரே பணியாளர் எல்லாப் பிள்ளைகளுக்கும் உடை அணிவித்தால் என்ன சிக்கல் ஏற்படும்?
3. மகப்பேற்று உதவியைப் பெறுவதற்கு விதிக்கப்பட்ட நிபந்தனையால் யாருக்கு, என்ன நன்மை கிடைத்தது?
4. உடை அணிவதில் மகளைத் தன் போக்கில் விட்ட அம்மா, பனிக்கட்டியைப் பொறுத்தவரை விட்டுக்கொடுக்காதது ஏன்? உங்கள் கருத்தை விளக்குக.
5. சிறு வயதில் நீங்கள் தாமாகவே செய்யக் கற்றுக்கொண்ட ஒரு செயலையும், அதற்காக உங்களுக்காகக் காத்திருந்தவரையும் பற்றி ஒரு பத்தி எழுதுக.