குறுமரமும் அதன் நிழலும்

காமிராவால் எடுக்கப்படும் படத்திற்குத் தமிழில் புகைப்படம் என்றும் நிழற்படம் என்றும் இரு பெயர்கள் வழங்குகின்றன. இவற்றுள் பின்னதே நமக்கு உவப்பானது. இக்கலையைத் தோற்றுவித்தோருள் ஒருவரான இங்கிலாந்து நாட்டு டால்பட் என்பார் 1839ஆம் ஆண்டில் தம் முறையை வெளியிட்டபோது, நிழலை நிலைபெறச் செய்யும் கலையாகவே அதனை விளக்கினார். வெள்ளியுப்புப் பூசிய தாளின்மேல் இலைகளையும் பூங்கொத்துகளையும் கிடத்தி வெயிலிற் காட்டினார். வெயில் பட்ட இடம் கறுத்தது. இலை மறைத்த இடம் வெண்மையாய் நின்றது. ஆகவே செடியின் நிழலைப் படமாக்குவது இக்கலையின் தொட்டில் வழக்கமேயாகும்.

இப்பாடத்தில் நாம் எடுத்துக்கொண்ட பொருள், ஜப்பானியர் போன்சாய் என வழங்கும் குறுமரத்தை அதன் நிழலோடு படமெடுத்தல். போன் என்பது தட்டு. சாய் என்பது நடுகை. சீனத்தில் இவ்வழக்கம் மிகத் தொன்மையானது. 706ஆம் ஆண்டைச் சேர்ந்த ஓர் அரசிளங்குமரனின் கல்லறைச் சுவரில், கல்லும் செடியும் அமைந்த தட்டினை ஏந்திவரும் பணியாளர் தீட்டப்பட்டுள்ளனர். ஜப்பானில் 1923ஆம் ஆண்டு நிலநடுக்கத்தால் தோக்கியோ பாழானபின், அங்கிருந்த தோட்டக்காரர் சிலர் ஓமியா என்னும் இடம் பெயர்ந்து, 1925இல் குறுமரங்களுக்கென்றே ஓர் ஊரை அமைத்தனர். அவ்வூர் இன்றும் உளது.

இம்மரம் பிறவியிற் குள்ளமன்று. மலையில் ஓங்கி நிற்கும் பைன் மரத்தின் விதையே தட்டிலும் முளைக்கிறது. வேரைக் கத்தரித்தும், கிளையைக் கம்பியாற் சுற்றி வளைத்தும், ஆண்டுக்கணக்கில் அதனைப் பயிற்றுவிக்கின்றனர். காண்போர் நோக்குதற்கு உரிய பக்கம் ஒன்றைத் தேர்ந்து, அதனையே மரத்தின் முகம் என்பர்.

படமெடுப்போர் இம்முகத்தை முதலில் அறிதல் வேண்டும். நின்றபடி மேலிருந்து நோக்கி எடுத்தால் மரம் வெறும் தொட்டிச் செடியாகிவிடும். மரத்தின் நடு உயரத்திற்குக் காமிராவை இறக்கினாலோ, நான்கு விரற்கடை அடிமரம் பெருங்காட்டு மரம்போல் எழுந்து நிற்கும். மிக நெருங்குதலும் ஆகாது. முன்கிளை பருத்தும் பின்கிளை சிறுத்தும் விகாரப்படும். பின்னே வெண்சுவர் இருக்குமாயின், கருவி தானே ஒளியைக் கணிக்கையில் வெண்மையைச் சாம்பலாக்கிவிடும் இயல்புடையது. ஆதலின் ஒரு படி ஒளி கூட்டுதல் நன்று.

இனி நிழலுக்கு வருவோம். இருபுறமும் மெல்லொளி பரப்பி நிழலையே துரத்திவிடுதல் பலர் வழக்கம். பதிவேட்டில் ஒட்டுதற்கு அது போதும். கற்பதற்கு அது போதாது என்பது நம் கருத்து. காமிரா ஒற்றைக் கண்ணுடையது. நம்மை நோக்கி நீண்டுவரும் கிளை அதற்கு ஒரு முண்டாகவே தோன்றும். விளக்கைப் பக்கவாட்டில் வைத்துச் சுவரில் நிழல் விழச் செய்தால், அம்முண்டு நிழலிலே நீண்ட கிளையாய் வெளிப்படும். முகம் மறைத்ததை நிழல் சொல்லிவிடுகிறது. ஆலையில் துணியை மடிக்குமுன் விளக்கின் எதிரே விரித்துப் பார்ப்பதும் இதற்காகவே. மேலே தடவிப் பார்த்த கைக்கு அகப்படாத இழைவிட்ட இடம் அங்கே கண்ணுக்குப் படும்.

கதிரவன் ஒரு புள்ளியன்று. வானில் ஏறத்தாழ அரைப் பாகை அகலமுள்ள வட்டம். ஆதலின் வெயிலில் விழும் நிழலின் ஓரம் தொலைவுக்கேற்பக் கலங்கும். கிளைக்கும் சுவருக்கும் இடையே 10 சென்டிமீட்டர் இருப்பின் கலக்கம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் இருப்பின் 9 மில்லிமீட்டர். அப்போது ஊசியிலைகள் ஒன்றோடொன்று கரைந்துவிடும். அதனை மட்டும் புகைப்படம் எனலாம்! இலை வேண்டுவோர் சுவரை நெருக்குக. உருவம் போதுமென்போர் விலக்குக. சிறு விளக்காயின் நிழல் பெருக்கவும் செய்யும்: விளக்கிலிருந்து ஒரு மீட்டரில் 30 சென்டிமீட்டர் மரத்தை வைத்து, அதற்கு அரை மீட்டர் பின்னே சுவர் நின்றால், நிழல் 45 சென்டிமீட்டர் எழும். சார்பிற்றோற்றம் பயிலும் வகுப்பில் இதனைச் செய்து காட்டுவோம். விளக்கு, மரம், சுவர் மூன்றுள் ஒன்றை நீக்கியதும் நிழல் இல்லையாதலைப் பிள்ளைகள் தாமே கண்டுகொள்கின்றனர்.

முகம் மறைப்பது கிளையை மட்டுமன்று. அமெரிக்க வாஷிங்டன் நகரத்துத் தேசிய மரத்தோட்டத்தில், 1625 முதல் பயிற்றப்பட்டதாகக் கூறப்பெறும் ஜப்பானிய வெண்பைன் ஒன்று உளது. 1976இல் ஜப்பான் அன்பளித்த 53 குறுமரங்களுள் அது ஒன்று. வளர்த்து அளித்தவர் மசாரு யாமாகி. ஓங்கிய பச்சைக் குடையும் தடித்த அடியுமாய் அதன் முகம் செழிப்பையே காட்டிற்று. 2001இல் அவருடைய பேரன்மார் வந்து சொன்ன பின்னரே அங்குள்ளோர் அறிந்தனர்: 1945 ஆகஸ்டு 6ஆம் நாள் ஹிரோஷிமாவில் அணுகுண்டு வெடித்த இடத்திற்கு ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவில், யாமாகியின் தோட்டத்துச் சுவரின் மறைவில் அம்மரம் நின்றிருந்தது.

அதே காலையில், வெடித்த இடத்திற்கு 260 மீட்டர் அருகில், வங்கி திறப்பதற்காகக் கற்படியில் ஒருவர் அமர்ந்திருந்தார். வெப்பத்தால் கல் வெளுத்தது. அவர் மறைத்த இடம் மட்டும் இருண்டு நின்றது. டால்பட்டின் தாளில் ஒளி பட்ட இடம் கறுத்தது. இக்கல்லில் ஒளி பட்ட இடம் வெளுத்தது. காமிரா இல்லாமல் விழுந்த நிழற்படம் அது. அக்கல் இன்று ஹிரோஷிமா அமைதி அருங்காட்சியகத்தில் உளது.

வாஷிங்டன் செல்லும் வாய்ப்புடையோர் அவ்வெண்பைனைப் படமெடுப்பின், மரத்தை மட்டும் சட்டத்துள் இறுக்கி நிழலை வெட்டிவிடலாகாது. கதிரவன் 45 பாகை உயரத்தில் நிற்கையில் சமதரையில் மரமும் நிழலும் ஓரளவின. 30 பாகைக்கு இறங்கினால் நிழல் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மடங்கு. அவ்வளவு இடத்தை நிழல் சாயும் பக்கத்தில் விட்டுக் காமிராவை நிறுத்துக.