பாடம் 6: பழைய சமையலறை மின்சாதனங்களை மீண்டும் பயன்படுத்தும் முன்

நீண்ட காலத்தின் பின் வீடு திரும்பும்போது, விட்டுச் சென்ற கிரைண்டரும் கேத்தலும் அப்படியே இருக்கக் கண்டால் மனம் நிறையும். புதிதாக வாங்கும் செலவும் மிச்சம். ஆனால், துடைத்துப் பளபளப்பாக்கிய சாதனம் உள்ளேயும் நன்றாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். மழை ஈரம், எலிக் கடி, எறும்புக் கூடு, கறள் என்பன வயரின் உறையைக் கெடுத்திருக்கலாம். மின் ஒழுகும் உலோகப் பாகத்தைத் தொட்டால், 230 வோல்ட் மின்சாரம் உங்கள் உடல் வழியாக நிலத்துக்கு இறங்கும். ஈரமான சீமெந்து நிலத்தில் வெறுங்காலுடன் நிற்பவருக்கு ஆபத்து மேலும் அதிகம்.

முதலில் வீட்டு மின்சாரம்

சாதனத்துக்கு முன் வீட்டு வயரிங்கைத் தகுதிபெற்ற மின்னியலாளரிடம் காட்டுங்கள். நில இணைப்புக் கம்பி அறுந்தோ களவு போயோ இருக்கலாம். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். அதிலுள்ள 'T' பொத்தானை அழுத்தினால் மின்சாரம் உடனே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அதை மாற்றுங்கள்.

அடுத்துச் சாதனம்

1. பிளக்கைச் செருகாமல், பகல் வெளிச்சத்தில் வயரை முழு நீளத்துக்கும் பாருங்கள். வெடிப்போ கருகலோ கடித்த தடமோ இருந்தால் ரேப் சுற்றிச் சமாளிக்காதீர்கள். வயரையே மாற்றுவியுங்கள்.

2. கேத்தல், மின்னடுப்பு போன்ற உலோக உடல் கொண்டவற்றுக்கு நிலக் கம்பி கட்டாயம். அது பச்சை, அல்லது பச்சையும் மஞ்சளும் கலந்த நிறத்தில் இருக்கும். அதை வெட்டிவிட்டு இரண்டு கம்பியுடன் பயன்படுத்தாதீர்கள்.

3. 2000 வாட் கேத்தல் ஏறக்குறைய 8.7 அம்பியர் மின்சாரம் இழுக்கும். அதை வட்டக் கால் கொண்ட 5 அம்பியர் பிளக்கில் கொடுத்தால் பிளக் சூடாகி உருகும், தீயும் பிடிக்கலாம்.

4. கிரைண்டர், குளிர்சாதனப் பெட்டி, மைக்ரோவேவ் என்பவற்றை நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பின்னும் உள்ளேயுள்ள கொள்ளளவியில் மின்னேற்றம் தங்கியிருக்கலாம். மைக்ரோவேவில் அது உயிரையே பறிக்கும்.

5. முதல் தடவை இயக்குமுன் மின்னியலாளர் காப்புச் சோதனை செய்யட்டும். இயக்கும்போது கை உலர்ந்திருக்க வேண்டும், காலில் இறப்பர் செருப்பு இருக்க வேண்டும்.

தொட்டதும் சுரீரென்றாலோ, கருகல் மணம் வந்தாலோ, ட்ரிப் சுவிட்ச் விழுந்தாலோ உடனே நிறுத்துங்கள். ட்ரிப் சுவிட்ச் விழுவதைத் தொல்லையாக எண்ணி அதைத் தவிர்த்து நேரடியாக இணைப்புக் கொடுக்காதீர்கள். அது உங்களைக் காப்பாற்றிய வேளை அது.

வெள்ளத்தில் மூழ்கிய சாதனத்தை வெயிலில் காயவைத்தால் மட்டும் போதாது. திருத்தச் செலவு அதிகமென்றால் கைவிடுங்கள். அம்மா பாவித்த கிரைண்டர் என்றால் நினைவாக வைத்திருங்கள். ஆனால் பிளக்கை வெட்டிவிடுங்கள், பிள்ளைகள் செருகிப் பார்க்க முடியாமற் போகும்.

ஒருவருக்கு மின் தாக்கினால்

அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். முடியாவிட்டால், காய்ந்த தடியால் வயரைத் தள்ளுங்கள். பின் 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். மூச்சு இல்லையென்றால், பயிற்சி பெற்றவர் நெஞ்சழுத்தத்தைத் தொடங்கட்டும்.

வீட்டில் கலந்து பேசுங்கள்

• உங்கள் வீட்டு மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது? வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரியுமா?
• எந்தச் சாதனங்களை மின்னியலாளரிடம் காட்டப் போகிறீர்கள்?
• எவற்றைக் கைவிடுவது?