தண்டுவடம் செல்லும் வழி

மனித உடலைத் தாங்கும் நடுத்தூண் முதுகெலும்பாகும். முள்ளெலும்புகள் பல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு அத்தூண் அமைந்துள்ளது. ஒவ்வொரு முள்ளெலும்பின் பின்புறத்திலும் ஒரு துளை உண்டு. இத்துளைகள் வரிசையாகப் பொருந்துவதால் நீண்ட குழாய் ஒன்று உண்டாகிறது. மூளையிலிருந்து இறங்கும் தண்டுவடம் அதனுள்ளே பாதுகாப்பாக அமைந்துள்ளது. இடுப்பின் மேற்பகுதியில் தண்டுவடம் முடிய, கால்களுக்குரிய நரம்புகள் குதிரைவால் போலக் கற்றையாய்த் தொங்குகின்றன. இக்குழாய் குறுகி, உள்ளிருக்கும் நரம்புகளை நெருக்குவதே முதுகெலும்புக் குழாய்ச் சுருக்கம் என்னும் நோயாகும்.

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில், ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்குக் கிழக்கே படப்பை என்னும் ஊர் உள்ளது. அவ்வூர்க் கடைத்தெருவில் முதியவர் ஒருவர் நடந்து செல்வதாகக் கொள்க. சிறிது தொலைவு சென்றதும் அவருடைய கால்கள் கனக்கின்றன, மரத்துப் போகின்றன. திண்ணையில் அமர்ந்தால் துன்பம் நீங்குகிறது. மீண்டும் நடந்தால் மீண்டும் வருகிறது. ஆனால், மிதிவண்டியில் குனிந்தவாறு நெடுந்தொலைவு செல்ல அவரால் இயல்கிறது. இதற்குக் காரணம் யாது? நிமிர்ந்து நிற்கையில் குழாய் மேலும் ஒடுங்குகிறது. குனிகையில் சற்று விரிகிறது. காலின் இரத்தக் குழாய் அடைபட்டவருக்கும் நடக்கையில் வலி உண்டாகும். எனினும், அவருக்கு வலி தீர அசையாது நின்றாலே போதும். குனியவோ அமரவோ வேண்டுவதில்லை. நெதர்லாந்து நாட்டு மருத்துவர் வெர்பீஸ்ட் என்பார், இடுப்புப் பகுதிக் குழாய் குறுகுவதால் விளையும் இத்துன்பத்தை 1954ஆம் ஆண்டில் விரிவாக விளக்கினார்.

பிறவியிலேயே குழாய் குறுகியவர் சிலர். பெரும்பாலோர்க்கு முதுமையே காரணம். எலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை போன்ற தட்டுகள் நீர்ப்பசை வற்றிப் புடைக்கின்றன, மூட்டுகள் பருக்கின்றன, தசைநார்கள் தடிக்கின்றன. சிலருக்கு ஓர் எலும்பு மற்றொன்றின்மீது முன்னோக்கி நழுவுவதும் உண்டு.

ஆயினும், முதுமை மட்டுமே காரணம் என்று எண்ணுதல் தவறு. குடிக்கும் நீரும் இந்நோயை விளைவிக்கக் கூடும். அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர் மாவட்டத்துச் சிற்றூர்களில், முதுகு விறைத்து, கால்கள் வலுவிழந்த மக்களை மருத்துவர் ஷார்ட் என்பாரும் அவருடைய துணைவர்களும் ஆராய்ந்தனர். நிலத்தடி நீரில் மிகுந்திருந்த புளூரைடு என்னும் உப்பே காரணம் என்பதை 1937ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பல ஆண்டுகள் அந்நீரைப் பருகுவோரின் எலும்புகள் தடிக்கின்றன. தசைநார்கள் எலும்பாய் இறுகுகின்றன. அதனால் குழாய் ஒடுங்கித் தண்டுவடம் நசுங்குகிறது.

தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் புளூரைடு மிகுதி. நீரைக் காய்ச்சுவதால் அது நீங்குவதில்லை. ஆதலின், ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் குழாய்கள் வழியே அம்மாவட்டங்களுக்குக் கொண்டுசெல்லும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ஆம் ஆண்டில் தொடங்கி வைக்கப்பட்டது. இறுகிய எலும்பை மருந்தால் இளக்க இயலாது; நல்ல நீரோ நோய் வாராமலே காக்கும்.

நோயுற்றோர் அனைவர்க்கும் அறுவை வேண்டுவதில்லை. குழாயின் ஒடுக்கத்தை எம்.ஆர்.ஐ. படத்தால் அறிந்தபின், உடற்பயிற்சியும் வலி தணிக்கும் மருந்தும் முதலில் அளிக்கப்படுகின்றன. பலர்க்கு அவையே போதும். அவற்றால் பயன் கிட்டாதபோதும், நடை மிகவும் குன்றும்போதும், எலும்பின் பின்வளைவை அகற்றி நரம்புகளுக்கு இடமளிக்கும் அறுவை மருத்துவம் செய்யப்படுகிறது. தண்டுவடமே நசுங்கியிருப்பின் அறுவையை நெடுநாள் தள்ளிப்போடுதல் கேடு தரும். கால்கள் திடீரெனச் சோர்ந்தாலும், சிறுநீர் மலம் கட்டுக்கடங்காமற் போனாலும், அன்றே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். காலந்தாழ்த்தினால் இழந்த வலிமை மீளாமலே போகக்கூடும்.

வீட்டிலுள்ள பெரியோர் நடக்கும்போது இடையிடையே நின்று குனிந்தால், "வயதாகிவிட்டது" என்று கூறி வாளாவிருத்தல் தகாது. எத்துணைத் தொலைவில் கால் தளர்கிறது, எவ்வாறு இருந்தால் தீர்கிறது என்று இளையோர் கேட்டறிந்து மருத்துவரிடம் உரைத்தல் வேண்டும். அவ்விரு விடைகளும் நோயை அறிதற்குப் பெரிதும் துணை செய்யும்.