சாலை இரைச்சல்

சாலையில் விரைந்து செல்லும் மோட்டார் வண்டியினுள் இருப்போர் மூவகை ஒலிகளைக் கேட்பர். எந்திரம் இயங்குதலால் எழுவது ஒன்று. வண்டி காற்றைக் கிழித்துச் செல்லுதலால் எழுவது மற்றொன்று. டயர்கள் சாலைமீது உருளுதலால் எழுவது மூன்றாவது. இவற்றுள் இறுதியிற் கூறியதே சாலை இரைச்சல் எனப்படும். வண்டி மெல்லச் செல்லுங்கால் எந்திர ஒலியே மேலோங்கி நிற்கும். மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் சீராகச் செல்லுங்கால் டயரின் ஒலி அதனை விஞ்சும். மின்கலத்தால் இயங்கும் வண்டிகளில் எந்திர ஒலி மிகக் குறைவாதலின், இவ்விரைச்சல் இன்னும் தெளிவாகச் செவியிற்படும்.

இஃது இன்பப் பயணத்திற்கு நேரும் சிறு இடையூறே அன்றோ எனச் சிலர் எண்ணலாம். அங்ஙனம் எண்ணுதல் பொருந்தாது. பல மணி நேரம் இடையறாத இரைச்சலில் இருந்து வண்டி ஓட்டுபவர் விரைவிற் சோர்வடைவர். அவர் கண்ணும் கருத்தும் சோர்ந்தால், வண்டியில் இருப்போர்க்கும் வழியிற் செல்வோர்க்கும் இடர் நேரும். ஆதலின் இவ்விரைச்சலைக் குறைக்கும் வகையினை ஆராய்தல் பயனுடையதாகும்.

ஒலி வண்டியினுள் இரு வழிகளாற் புகுகின்றது. காற்றின் வழியே புகுவது ஒன்று. திண்பொருளின் வழியே புகுவது பிறிதொன்று. மாணவர்களே! நீங்கள் எழுதும் மேசையின் ஒரு முனையிற் காதை வைத்துக்கொண்டு, மறுமுனையை நண்பனொருவன் நகத்தாற் கீறுமாறு செய்து பாருங்கள். காற்றின் வழியே கேளாத மெல்லொலியும் மரத்தின் வழியே நன்கு கேட்கும். டயரில் எழும் அதிர்வும் இவ்வாறே சக்கரம், அச்சு, தாங்குவில் ஆகியவற்றின் வாயிலாக வண்டியின் உடலை அடைகின்றது. அடைந்ததும், தரைத்தகடும் கூரைத்தகடும் முழவின் தோல்போல் அதிர்ந்து முழங்குகின்றன. நாம் கேட்கும் தாழ்ந்த முழக்கம் பெரும்பாலும் இவ்வழியே வருவது. உயர்ந்த இரைச்சலோ கதவின் இடுக்கு, கண்ணாடி, தரையின் துளை ஆகியவற்றின் வழியே காற்றோடு வருவது.

வழி இரண்டாதலின், தடையும் ஒன்றாக இருத்தல் இயலாது. வெண்கலக் கிண்ணத்தைத் தட்டினால் நெடுநேரம் ஒலிக்கும். அதன்மேற் கையை வைத்தால் ஒலி உடனே அடங்கும். தகட்டின்மேல் ஒட்டப்படும் பியூட்டைல் ரப்பர்த் தாள் அக்கையின் தொழிலைச் செய்கின்றது. அதிர்வின் ஆற்றலைச் சிறிது வெப்பமாக மாற்றிவிடுகின்றது. தகடு முழுவதையும் மூடவேண்டுவதில்லை. ஒரு பகுதியை மூடினும் முழக்கம் பெரிதும் தணியும்.

காற்று வழி வரும் ஒலியைத் தடுப்பதற்குக் கனமான விரிப்பு வேண்டும். ஒலியின் அளவை டெசிபெல் என்னும் அலகாற் குறிப்பர். 10 டெசிபெல் குறைந்தால் ஒலியாற்றல் பத்தில் ஒரு பங்காகும். 20 குறைந்தால் நூற்றில் ஒரு பங்காகும். தடுப்பின் எடையை இருமடங்காக்கினால் ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். ஆயினும், தடுப்பின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருப்பின், அவ்வழியே நூற்றில் ஒரு பங்கு ஆற்றல் உட்புகும். அந்நிலையில் எஞ்சிய பகுதியை எத்துணைக் கனமாக்கினும் 20 டெசிபெல்லுக்குமேற் குறைத்தல் அரிது. எனவே, கனத்த விரிப்பை வாங்குவதற்குமுன், கிழிந்துபோன கதவு ரப்பரை மாற்றுதலே அறிவுடைமை.

பஞ்சும் கம்பளியும் வேறொரு தொழிலைச் செய்வன. வெற்று வீட்டிற் பேசினால் எதிரொலி எழும். பாயும் மூட்டையும் நிறைந்த வீட்டில் அஃது எழாது. மென்பொருள்கள் உட்புகுந்த ஒலியை உறிஞ்சுமேயன்றி, வெளியொலியைப் பெரிதும் தடுக்கமாட்டா.

ஒலியை ஒலியால் அடக்கும் முறையும் உண்டு. ஓர் அலையின் முகடும் மற்றோர் அலையின் பள்ளமும் ஒருங்கு கூடினால் இரண்டும் அடங்கும். இம்முறைக்குப் பால் லூக் என்னும் ஜெர்மானியர் 1936-ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் காப்புரிமை பெற்றார். இன்று சில வண்டிகளில் ஒலிவாங்கியும் கணிப்பொறியும் சேர்ந்து இதனை நிறைவேற்றுகின்றன. எனினும், தாழ்ந்த முழக்கத்தை அடக்குவதற்கே இது மிகவும் ஏற்றது.

இவையெல்லாம் வந்த ஒலியைத் தடுக்கும் வழிகள். வருவதற்குமுன் பிறப்பிடத்திலேயே குறைத்தல் இவற்றினும் சிறந்தது. சமமின்றித் தேய்ந்த டயரும், பழுதுற்ற சக்கரப் பேரிங்கும், இறுகிப்போன ரப்பர் இணைப்பும் இரைச்சலை மிகுவிக்கும். இவ்விரைச்சல் வண்டியின் நோயை நமக்கு அறிவிப்பது. நோயைத் தீர்க்காது விரிப்பினால் மூடிவிடுதல், அறிவிக்க வந்தவன் வாயைப் பொத்துதல் போல்வதாகும். பின்னர்ப் பெருந்தீங்கு நேரினும் நேரும். ஆதலின் முதலில் டயரையும் காற்றழுத்தத்தையும் ஆராய்ந்து, பழுது நீக்கிய பின்னரே விரிப்பை நாடுதல் வேண்டும். எல்லா ஒலியையும் அடைத்துவிட முயல்வதும் தகாது. நோயாளியை ஏற்றிவரும் வண்டியின் எச்சரிக்கை ஒலி ஓட்டுநர் செவிக்கு எட்டியே தீரவேண்டும்.

இங்கு மற்றொன்றும் சிந்திக்கத்தக்கது. வண்டியினுள் இடும் விரிப்பு உள்ளிருப்போர்க்கு மட்டுமே பயன்படும். சாலையோரக் குடிசையில் உறங்கும் குழவிக்கும், பள்ளியிற் பாடம் கேட்கும் சிறுவர்க்கும் அதனால் யாதொரு பயனும் இல்லை. ஒலி குறைந்த டயரும், மேடுபள்ளமற்ற சாலையும், அளவான வேகமும் உள்ளிருப்போர்க்கும் வெளியிருப்போர்க்கும் ஒருங்கே அமைதி தருவன. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2012-ஆம் ஆண்டு முதல், டயர் வெளியே எழுப்பும் ஒலியின் அளவை அதன் விவரச்சீட்டில் பொறிக்கவேண்டும் என்னும் விதி நடைமுறையில் உள்ளது. தன் செவியைக் காப்பதோடு பிறர் செவியையும் காக்கும் வழியே தேர்ந்தெடுக்கத்தக்க வழியாம்.