நிழல் நாடும் செடி

தென் அமெரிக்காவில், ஆண்டீஸ் மலைத்தொடரின் கிழக்கே அடர்ந்த மழைக்காடுகள் பரந்து கிடக்கின்றன. அங்கு நெடுமரங்கள் கிளையோடு கிளை பின்னிக் கதிரொளியை மறித்து நிற்கும். அந்நிழலில், ஈரம் உலராத நிலத்தின்மேல், ஒரு சாண் அளவிற்கு மேல் உயராது படரும் சிறுசெடி ஒன்று உண்டு. பிட்டோனியா என்பது அதன் பெயர். அதன் கரும்பச்சை இலைமீது வெண்ணரம்புகளோ செந்நரம்புகளோ வலைபோல் ஓடும். அவ்வலையின் அழகே அதனை வீடுகளுக்குள் கொண்டுவந்தது; பூவோ காண்பார் கருத்தைக் கவர்வதன்று.

எலிசபெத் பிட்டன், சாரா மேரி பிட்டன் என்னும் உடன்பிறந்த மகளிர் இருவர், தாவரவியலை உரையாடலாக விளக்கும் நூலொன்றை 1817-இல் வெளியிட்டனர். தம் பெயரை அதில் அவர்கள் குறித்திலர். அவர்தம் குடிப்பெயரே பின்னர் இச்செடிக்குச் சூட்டப்பட்டது. நூலின் முகப்பில் இடம்பெறாத பெயர் இன்று நாற்றங்கால்களில் வழங்குகிறது!

காட்டில் பழகிய நிழலையும் ஈரக் காற்றையும் இச்செடி வீட்டிலும் வேண்டும். நேர்வெயில் பட்டால் இலை கருகும். ஆதலின், சாளரத்திற்குச் சற்று உள்ளே தள்ளி வைத்தல் நன்று. வாயகன்ற கண்ணாடிச் சாடியில் வளர்ப்பாரும் உளர்.

நீர் வார்ப்பதிலேதான் பலர் தவறுகின்றனர். இலையின் செல்கள் நீரால் நிரம்பி விறைத்திருக்கும்வரையே இம்மெல்லிய செடி நிமிர்ந்து நிற்கும். நீர் குறைந்தால் செடி முழுவதும் துவண்டு, இறந்ததுபோல் தொட்டியின் விளிம்பில் சாயும். உடனே நீர் வார்த்தால் சில மணி நேரத்தில் மீண்டும் நிமிரும். இவ்வியப்பைக் கண்டவர், செடி இனி வாடலாகாது என்னும் பரிவினால் நாள்தோறும் நீரைப் பெய்வர். மண்ணின் நுண்துளைகளில் இருந்த காற்று வெளியேற, வேர் மூச்சின்றி அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாது; எனவே நீரின் நடுவே நின்றும் செடி துவளும். அதனைத் தாகம் எனக் கருதி மேலும் நீர் வார்த்தால் செடி மாளும். நீர் மிகினும் குறையினும் இலை காட்டும் குறி ஒன்றே. ஆகவே இலையை மட்டும் நோக்காது, விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்தல் வேண்டும். மேல்மண் உலரத் தொடங்கியிருந்தால் மட்டுமே நீர் வார்க்கலாம். தொட்டியின் அடியில் நீர் வடியத் துளை இருத்தலும் இன்றியமையாதது.

வேர் அழுகிய செடியிலும் நுனித்தண்டு நலமாக இருக்கக்கூடும். அதனைக் கணுவிற்குக் கீழே நறுக்கி, ஈரமணலில் நட்டு, கண்ணாடிக் குவளையால் மூடி நிழலில் வைத்தால், சில வாரங்களில் கணுவிலிருந்து புதுவேர் இறங்கும்.