ஜன்மப் பகை என்று ஒன்று உண்டா?

அம்பத்தூரிலிருந்து திருமுல்லைவாயில் வழியாக ஆவடி வரையிலும், தெற்கே பூந்தமல்லி வரையிலும், முன்னொரு காலத்தில் வயலும் ஏரிக்கரையுமாகக் கிடந்த நிலமெல்லாம் மதிலோடு மதில் ஒட்டிய வீடுகளாக மாறிவிட்ட பின்பும், அந்த மதில்களின் மேல் நடந்து தெரு முழுவதையும் தன் பாதையாக்கிக்கொண்ட பூனையும், கிரில் கதவுக்கு உள்ளே கோணிச் சாக்கின் மேல் படுத்துக் காவல் காக்கும் நாயும் நம் இல்லங்களை விட்டு நீங்கவில்லை. பூனை இருக்கும் வீட்டுக்கு நாய் ஒன்று புதிதாக வரும்போதுதான் சங்கடம் தொடங்குகிறது.

சென்ற ஆண்டு எங்கள் தெருவில், இரண்டு பூனைகளைப் பல வருஷமாக வளர்த்துவந்த ஒரு குடும்பத்தார், ஏரிக்கரை ஓரத்தில் அடிபட்டுக் கிடந்த ஒரு நாட்டு நாயின் மீது இரக்கங்கொண்டு, சிகிச்சை செய்வித்து வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். அவர்களுக்கு நாங்கள் அனைவரும் ஆலோசனை சொன்னோம். நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்ட அவற்றிற் பெரும்பாலானவை தவறானவை என்பதையும், சில உயிருக்கே அபாயமானவை என்பதையும் பின்னர் படித்தும் பார்த்தும் தெரிந்துகொண்டேன். அவ்வாறு தெரிந்துகொண்டதை இங்கே முறைப்படுத்தித் தருகிறேன்.

நம்பிக்கை: நாயும் பூனையும் பிறவியிலேயே பகைவர்கள்.

உண்மை: நாய்க்குப் பிறவியில் வாய்த்தது, வேகமாக ஓடுவதைத் துரத்த வேண்டும் என்னும் உந்துதல், பூனைக்கு வாய்த்தது, தன்னைவிடப் பெரிய பிராணி நெருங்கினால் ஓட வேண்டும் என்னும் அச்சம். ஒன்று ஓடுவதால் மற்றொன்று துரத்துகிறது. துரத்துவதால் அது மேலும் ஓடுகிறது. இந்தச் சுழற்சியைத்தான் நாம் பகை என்கிறோம். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்றில், எருமைகளைக் காக்கப் போரிட்டு மாண்ட வீரனோடு, இரு கள்வரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. எருமைகளின் நடுவே அமைதியாக உலவிய நாய்தான் கள்வனைக் கண்டதும் சீறியது. எது நம்முடையது, எது அந்நியம் என்று பிரித்தறியும் சக்தி நாய்க்கு உண்டு என்பதும், அந்தச் சக்தி சகவாசத்தால் உருவாகிறது என்பதும் 1,400 ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர் கண்ட பிரத்தியட்சம். டெல் அவீவ் பல்கலைக்கழகத்தார் ஒரே கூரையின் கீழ் வாழும் நாய்களையும் பூனைகளையும் ஆராய்ந்து 2008-இல் வெளியிட்ட ஆய்விலும், அவற்றிற் பெரும்பாலானவை இணக்கமாகவே வாழ்வதாகக் கண்டார்கள்.

நம்பிக்கை: முதல் நாளே எதிரெதிரே நிறுத்திவிட்டால் தாமாகவே பழகிவிடும்.

உண்மை: எங்கள் தெருக் குடும்பத்தார் செய்த முதற் பிழை இதுதான். பூனையைக் கையில் ஏந்தி நாயின் முகத்தருகே கொண்டு சென்ற கணத்தில், அது ஏந்தியவரின் கையைக் கீறிவிட்டுப் பரண்மேல் ஏறி, இரண்டு நாள் உணவின்றிப் பதுங்கிக் கிடந்தது. பூனை சில நாட்கள் சாப்பிடாமலிருப்பது வெறும் கோபம் என்று அலட்சியம் செய்யத் தக்கதன்று. உணவை நிறுத்திய பூனையின் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே கேடு விளையக்கூடும்.

சரியான முறை, கண்ணுக்கு முன் மூக்கு என்பதே. முதற்சில நாட்கள் பூனைக்கென்று ஓர் அறையை ஒதுக்கி, அதன் தண்ணீர்க் கிண்ணத்தையும் மணல் தட்டையும் அங்கேயே வைத்து, கதவை மூடிவிட வேண்டும். நாய் படுத்த துணியைப் பூனையின் அறையிலும், பூனை படுத்த துணியை நாயின் இடத்திலும் போட்டு, ஒன்றன் வாசனை மற்றொன்றுக்குச் சாதாரணமாகும்படி செய்ய வேண்டும். பிறகு மூடிய கதவின் இருபுறமும் இரண்டுக்கும் ஒரே வேளையில் உணவு வைத்தால், எதிரியின் வாசனை என்று கருதியது சோற்று வேளையின் வாசனையாக மாறும். அதன் பின்னரே, நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, பூனைக்கு உயரமான புகலிடம் ஒன்றை உறுதிசெய்துவிட்டு, தூரத்திலிருந்து சில நிமிஷம் மட்டும் பார்க்க விடலாம். தீபாவளி வாரம் இதற்கு உகந்ததன்று. வெடிச் சத்தத்தில் நடுங்கும் இரு ஜீவன்களும் அந்த நடுக்கத்தை ஒன்றோடொன்று சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளும்.

நம்பிக்கை: அடித்தால்தான் நாய் அடங்கும், யஜமானன் யார் என்று காட்ட வேண்டும்.

உண்மை: ஓநாய்க் கூட்டத்தில் பலசாலி ஒன்று மற்றவற்றை அடக்கி ஆள்கிறது, ஆகவே நாயையும் அப்படியே ஆள வேண்டும் என்ற கொள்கைக்கு, ருடால்ஃப் ஷெங்கெல் என்பவர் கூண்டில் அடைபட்ட ஓநாய்களைக் கவனித்து 1947-இல் எழுதிய கட்டுரை ஆதாரமாயிற்று. அக்கொள்கையை 1970-இல் தம் நூலின் வாயிலாகப் பரப்பிய டேவிட் மெக் என்னும் அறிஞரே, காட்டில் சுதந்திரமாகத் திரியும் ஓநாய்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்த பிறகு, 1999-இல் அதனைத் திருத்தினார். காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது தாயும் தந்தையும் பிள்ளைகளும் அடங்கிய ஒரு குடும்பமே என்றும், அங்கே தலைமை என்பது பெற்றோரின் வழிநடத்துதலே என்றும் அவர் காட்டினார்.

பூனை விஷயத்தில் அடி இரட்டிப்புக் கெடுதி செய்கிறது. பூனையைக் கண்டு நாய் குரைக்கும்போதெல்லாம் அதற்கு அடி விழுந்தால், குரைத்ததற்காக அடி என்று அது எண்ணுவதில்லை. பூனை வந்தால் வலி வரும் என்றே அதன் மனத்தில் பதிகிறது. நாம் தீர்க்க நினைத்த விரோதத்தை நம் கையாலேயே விதைத்தவர்களாகிறோம். நாய் பூனையைப் பார்த்துவிட்டு, தானாக முகத்தைத் திருப்பி நம்மை நோக்கும் அந்தக் கணத்திலேயே, உப்பிடாமல் வேகவைத்த கோழித் துண்டு ஒன்றை அதன் வாயில் வைப்பதே வழி. பூனை வந்தால் நன்மை வரும் என்பது அதற்கு மெள்ள மெள்ள ஸ்வபாவமாகும்.

நம்பிக்கை: கட்டளை இங்கிலீஷில் சொன்னால்தான் நாய்க்குப் புரியும்.

உண்மை: நாய்க்குப் பாஷை அபிமானம் கிடையாது. குறிப்பிட்ட ஓர் ஒலி, அதைத் தொடர்ந்து வரும் ஒரு பலன், இவ்விரண்டின் சேர்க்கையே அதற்குப் பொருள். புடாபெஸ்ட் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் நாய்களின் மூளையைப் படமெடுத்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், பாராட்டுச் சொல்லும் பாராட்டும் குரலும் ஒன்றுசேரும்போதுதான் நாயின் மூளையில் மகிழ்ச்சிக்குரிய பகுதி நன்கு விழிக்கிறது என்று தெரிந்தது. நம் வீடுகளில் நிகழும் குழப்பம் வேறு: பாட்டி ‘உட்காரு’ என்கிறாள், பேரன் ‘சிட்’ என்கிறான், வேலை முடிந்து வரும் தகப்பனாரோ ‘ஏய், சும்மா இரு’ என்கிறார். மூன்று சொற்களுக்கு ஒரே பொருள் என்று அந்த வாயில்லா ஜீவன் எவ்வாறு அறியும்? வீட்டார் ஒருமித்து நான்கு சொற்களைத் தேர்ந்து, அவற்றை மாற்றாமல் சொன்னால் போதும்: ‘வா’, ‘உட்கார்’, ‘விடு’, ‘இடம்’.

இவற்றுள் பூனையின் உயிரைக் காப்பது ‘விடு’. மூடிய கையில் தின்பண்டத்தை வைத்து நாயின் முன் நீட்டினால், அது முகரும், நக்கும், பிராண்டும். சலித்து மூக்கைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும் அந்த நொடியில் ‘விடு’ என்று சொல்லி, மற்றொரு கையிலிருந்து வேறொரு துண்டைத் தர வேண்டும். விட்டால் அதைவிட நல்லது கிடைக்கும் என்பதே இதன் பாடம். ‘இடம்’ என்றால் தன் சாக்கின் மேல் போய்ப் படுப்பது. ஒரு தடவைக்கு ஐந்து நிமிஷம், நாளுக்கு மூன்று தடவை, பூனை எதிரில் இல்லாத போதே பழக்கிவிட வேண்டும். போர்க்களத்தில் நின்றுகொண்டு எவரும் சிலம்பம் கற்பதில்லை.

நம்பிக்கை: வாலை ஆட்டுகிறது, ஆகவே சிநேகமாகத்தான் இருக்கிறது.

உண்மை: நாய் தளர்ந்த உடலோடு வாலை ஆட்டுவது பெரும்பாலும் மகிழ்ச்சி, பூனை வாலை இங்குமங்கும் வீசுவது எரிச்சல். பூனை வாலைச் செங்குத்தாக உயர்த்தி வருவது நல்வரவு. நாய் வாலை விறைப்பாக உயர்த்தி நிற்பதோ எச்சரிக்கை. நாய் மல்லாந்து வயிற்றைக் காட்டினால் பணிவாகவோ விளையாட்டாகவோ இருக்கலாம். பூனை அச்சத்தில் மல்லாந்தால் நான்கு பாதங்களின் நகங்களும் ஆயத்தமாகிவிட்டன என்று பொருள். இத்தனை வேற்றுமைகள் இருந்தும், பழகிய நாயும் பூனையும் ஒன்றன் குறிப்பை மற்றொன்று சரியாக வாசிக்கக் கற்றுக்கொள்வதையும் மேற்சொன்ன டெல் அவீவ் ஆய்வு கண்டது. அவை கற்கும் வரையில் நாம்தான் அவற்றுக்காக வாசிக்க வேண்டும். வாய் மூடி, உடல் கல்லாக இறுகி, கண் இமைக்காமல் நாய் பூனையை உற்று நோக்கினால், வால் ஆடினாலும் ஆடாவிட்டாலும், அப்போதே தூரத்தை அதிகரித்துவிட வேண்டும்.

நம்பிக்கை: குட்டியாக இருக்கும்போது பழக்காவிட்டால் பிறகு முடியாது.

உண்மை: இதில் பாதி உண்மை இருக்கிறது. நாய்க்குட்டி உலகத்தோடு அச்சமின்றி உறவாடக் கற்கும் பருவம் ஏறத்தாழ 3 வாரம் முதல் 12 வாரம் வரை என்று ஸ்காட், ஃபுல்லர் என்னும் இருவர் 1965-இல் தங்கள் நூலில் நிறுவினார்கள். பூனைக்குட்டிக்கு அப்பருவம் இன்னும் முந்தியது, 2 வாரம் முதல் 7 வாரம் வரை. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்ற முதுமொழி இளமைப் பழக்கத்தின் மேன்மையைக் கூறுகிறதேயன்றி, வளர்ந்த ஜீவனைக் கைவிடச் சொல்லவில்லை. எங்கள் தெருவுக்கு வந்த நாய்க்கு வயது மூன்றுக்கு மேல் இருக்கும் என்று மருத்துவர் மதிப்பிட்டார். அதற்கு நாட்கள் தேவைப்படவில்லை, வாரங்கள் தேவைப்பட்டன.

ஜாதிக் குணத்தையும் மறைக்கலாகாது. சிப்பிப்பாறையும் கன்னியும் முயலைக் கண்ணால் கண்டு துரத்துவதற்காகவே தென்பாண்டிச் சீமையில் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டவை. ஓடும் சிறு பிராணியைக் கண்டு அவை பாய்வது குற்றமன்று, முன்னோர் கொடுத்த தொழில். அத்தகைய நாய்களில் சில, எத்தனை பயிற்றினாலும் பூனையோடு தனியே விடத் தகாதவையாகவே இருக்கும். அந்த வீட்டில் நடுவே ஒரு மூடிய கதவு நிரந்தரமாக இருப்பது தோல்வியன்று. இரண்டு உயிர்களுக்கும் செய்யும் தர்மம்.

நம்பிக்கை: ஒரே வீடு, ஆகவே ஒரே சோறு, ஒரே மருந்து.

உண்மை: எல்லாவற்றிலும் அபாயமான பிழை இதுவே. நம் பக்கத்து வெயிலிலும் ஈரத்திலும் உண்ணி பெருகுவதால், நாயின் பிடரியில் இடும் சொட்டு மருந்தை வாங்காத வீடு அரிது. அவற்றுட் சிலவற்றில் கலந்திருக்கும் பெர்மெத்ரின் என்னும் பொருளை நாயின் உடல் தாங்கும். பூனையின் கல்லீரலால் அதைச் சிதைக்க இயலாது. மிஞ்சியதை வீணாக்க மனமின்றிப் பூனைக்குத் தடவுவோர் உண்டு. தடவிய சில மணி நேரத்தில் நடுக்கமும் வலிப்பும் கண்டு அது மடியக்கூடும். மருந்து ஈரமாக உள்ள நாயோடு ஒட்டிப் படுப்பதாலும் கேடு நேரலாம். ஆகவே பூனை இருக்கும் வீட்டில் உண்ணி மருந்தைக் கால்நடை மருத்துவரைக் கேட்டே வாங்க வேண்டும். அருகில் மருத்துவர் இல்லாதோருக்கு, 1903-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது.

உணவும் அவ்வாறே. பூனை புலால் உண்டே வாழ வேண்டிய பிராணி. டாரின் என்னும் சத்து உணவில் இல்லாவிட்டால் அதன் கண்ணும் இருதயமும் கெடும். தயிர்ச் சோறும் நாய்த் தீனியும் அந்தச் சத்தைப் போதிய அளவு தருவதில்லை. பூனையின் கிண்ணத்தை நாய்க்கு எட்டாத உயரத்தில் வைத்துவிட்டால், உணவுச் சண்டையும் அதோடு தீரும். இரண்டுக்கும் பொதுவானது ஒன்று உண்டு: வெறிநோய்த் தடுப்பூசி. வெளியே போகாத பூனைக்கும் அது வேண்டும். கடியோ கீறலோ பட்டால், சோப்பும் ஓடும் நீருமாகப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அந்தக் குடும்பத்தார் கதவை மூடி முதலிலிருந்து தொடங்கினார்கள். தொழிற்பேட்டைக்கு ஷிப்டு வேலைக்குப் போகும் மகனும் மருமகளும் வீட்டில் இல்லாத பொழுதெல்லாம் நாய் வராந்தாவிலும் பூனைகள் உள்ளேயுமாகப் பிரிந்தே இருந்தன. காலையும் மாலையும் பாட்டிதான் கயிற்றைப் பிடித்து அமர்ந்திருந்தாள். பேரன் கயிற்றை அவிழ்க்கத் துடித்தபோதெல்லாம், “இருடா கண்ணா, அதுவா கேட்கட்டும்” என்று தடுத்தாள். ஆறாவது வாரத்தில்தான் கயிறு அவிழ்ந்தது.

சென்ற வாரம் அவ்வீட்டுக்குப் போயிருந்தேன். பரணில் பதுங்கியிருந்த அதே பூனை படியிறங்கி, சாக்கின் மேல் படுத்திருந்த நாயின் முன்னால் நடந்து தண்ணீர்க் கிண்ணத்துக்குச் சென்றது. நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது; பிறகு பாட்டியைப் பார்த்தது; மறுபடி தலையைச் சாய்த்துக்கொண்டது. பேசிக்கொண்டிருந்த பாட்டி பேச்சை நிறுத்தி, மடியில் முடிந்து வைத்திருந்த ஒரு சிறு துண்டை எடுத்து அதன் வாயில் வைத்தாள். “இன்னுமா கொடுக்கிறீர்கள், அம்மா?” என்று கேட்டேன். “அது இன்னும் விட்டுக்கொடுக்கிறதே” என்றாள்.