லீவு முடிந்து திரும்பும் வழியும் டியூட்டிதான்

கேள்வி: எங்களுக்குப் பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். என் வீட்டுக்காரர் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே டெரிடோரியல் ஆர்மியில் (டி.ஏ.) சேர்ந்தவர். ஒன்பது வருடம் இருந்தார். கடைசியில் காஷ்மீர் டியூட்டி. 2022 பிப்ரவரியில் லீவுக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது, சேலத்தில் ரயில் ஏறுவதற்காக என் தம்பியின் காரில் போனார். தொப்பூர் கணவாயில் பின்னால் வந்த லாரி மோதி, இடுப்பிலும் வலது காலிலும் எலும்பு முறிந்தது. மிலிட்டரி ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தார். மெடிக்கல் போர்டில் ஆயுளுக்கும் 40 சதவீத ஊனம் என்று போட்டு, 2023 ஜூனில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பென்ஷன் கேட்டதற்கு, லீவில் நடந்த விபத்து, பணிக்குச் சம்பந்தமில்லை என்று 2024 ஜனவரியில் கடிதம் வந்தது. “டி.ஏ. ஆளுக்கு ஊன பென்ஷனே கிடையாது, எதுவும் கேட்க மாட்டேன் என்று கையெழுத்தும் போட்டுவிட்டாய்” என்று யாரோ சொன்னதைக் கேட்டு இவரும் விட்டுவிட்டார். நான் தக்காளி மண்டிக்குக் கூலிக்குப் போய்த்தான் வீடு நடக்கிறது. இன்னொரு விஷயம், அன்றைக்குப் போகிற வழியில் நல்லம்பள்ளியில் நாத்தனார் வீட்டில் இறங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினார்கள். அதை வெளியே சொல்லாமல் இருப்பது நல்லது என்கிறார்கள். என்ன செய்வது?

— ஒரு வாசகி, பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்

பதில்: அம்மா, முதலில் அந்த “டி.ஏ. ஆளுக்குக் கிடையாது” என்ற பேச்சைத் தூக்கிப் போடுங்கள். அது தவறு. உங்கள் கணவரைப் போன்ற எத்தனையோ பேர் இந்த ஒரு வார்த்தையைக் கேட்டே உரிமையைக் கைவிட்டிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

டெரிடோரியல் ஆர்மி 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருவது. 1949 அக்டோபர் 9 அன்று அதைத் தொடங்கிவைத்தவர் அன்றைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி. அவர் பிறந்த தொரப்பள்ளியும் 2004-இல் கிருஷ்ணகிரி பிரியும்வரை உங்கள் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. சொந்தத் தொழிலோ வேலையோ பார்த்துக்கொண்டே, நாடு அழைக்கும்போது சீருடை அணிவது இந்தப் படையின் ஏற்பாடு. அப்படி அழைக்கப்பட்டு ‘எம்பாடிட்’ ஆகிப் பணியில் இருக்கும் காலத்தில், அந்த வீரர் ராணுவச் சட்டத்துக்கு முழுமையாகக் கட்டுப்பட்டவர் என்று டி.ஏ. சட்டத்தின் 9-ஆவது பிரிவு சொல்கிறது. தப்பு செய்தால் ரெகுலர் சிப்பாய்க்கு என்ன தண்டனையோ அதே தண்டனை இவருக்கும் உண்டு. அப்படியிருக்க, அடிபட்டால் மட்டும் எப்படி வேறு கணக்கு போட முடியும்? ராணுவ ஓய்வூதிய விதிகளும் அப்படிப் போடவில்லை. 1961-ஆம் ஆண்டு விதித்தொகுப்பின் 292-ஆவது விதி, டி.ஏ. வீரர்களின் ஓய்வூதியத்துக்கு ராணுவத்தில் அதே நிலையில் உள்ளவர்களுக்கான விதிகளே பொருந்தும் என்கிறது.

இது உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ந்த விஷயம். பானி ராம் என்பவர் ரெகுலர் ராணுவத்தில் சுமார் 25 ஆண்டு இருந்து ஓய்வு பெற்று, 2007-இல் டி.ஏ.வின் சுற்றுச்சூழல் பட்டாலியன் ஒன்றில் மறுபடி சேர்ந்தார். 2009 ஏப்ரலில் பத்து நாள் லீவில் ஊருக்குப் புறப்பட்டவருக்கு வழியில் விபத்து. வலது காலை முழங்கால்வரை எடுத்துவிட்டார்கள். ஊனம் 80 சதவீதம். காயம் பணியால் நேர்ந்ததுதான் என்று ராணுவத்தின் சொந்த விசாரணையே சொல்லியும், அந்த வகை பட்டாலியனில் சேர்ந்தவர்களுக்கு ஊன ஓய்வூதியம் இல்லை, சேரும்போதே அதற்குச் சம்மதித்துக் கையெழுத்திட்டிருக்கிறார் என்று மறுத்தார்கள். லக்னோவில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயமும் கைவிரித்தது. 2021 டிசம்பர் 17 அன்று நீதிபதிகள் எல். நாகேஸ்வர ராவ், பி.ஆர். கவாய் அமர்வு அந்த உத்தரவை ரத்து செய்தது. ராணுவ வீரர்களுக்குப் பொருந்தும் விதிகளின்படியே ஊன ஓய்வூதியம் கொடுங்கள், 2012 ஜனவரி 1 முதல் நிலுவையை 9 சதவீத வட்டியோடு கொடுங்கள் என்றது.

கையெழுத்து விஷயத்துக்கும் அதே தீர்ப்பில் விடை இருக்கிறது. ஒரு பக்கம் மத்திய அரசு, இன்னொரு பக்கம் ஒரு சிப்பாய். நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவதைத் தவிர அவருக்கு வேறு வழி உண்டா? இப்படிச் சமபலம் இல்லாத இருவருக்கு நடுவே எழுதி வாங்கும் நியாயமற்ற நிபந்தனை செல்லாது என்று பிரஜோ நாத் கங்குலி வழக்கில் 1986-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னதை நீதிபதிகள் எடுத்துக்காட்டினார்கள். உங்கள் கணவர் எதில் கையெழுத்திட்டார் என்று எனக்குத் தெரிய வேண்டும், நகல் வாங்குங்கள். ஆனால் அதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம்.

உங்கள் வழக்கின் உயிர்நிலை வேறு இடத்தில் இருக்கிறது. அந்தப் பயணம் ‘டியூட்டி’யா, இல்லையா என்பதுதான் கேள்வி.

லீவில் இருக்கும்போது எது நடந்தாலும் பென்ஷன் கிடைத்துவிடாது. ஆண்டு விடுப்பில் சொந்த ஊரில் இருந்தபோது ஸ்கூட்டர் விபத்தில் அடிபட்ட ஜுஜார் சிங்குக்கு 2011-இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. விடுப்பில் இருந்தவர் டியூட்டியில் இருந்ததாகவே கருதப்படலாம், ஆனாலும் காயத்துக்கும் ராணுவப் பணிக்கும் ஒரு தொடர்பு வேண்டும் என்பது அதன் காரணம். மறுப்புக் கடிதம் எழுதியவர் மனதில் இதுதான் இருந்திருக்கும். ஆனால் உங்கள் கணவர் ஊரில் சும்மா சுற்றும்போது அடிபடவில்லை. லீவு முடிந்து பணியிடத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். பணியிடத்திலிருந்து லீவுக்குப் போகும் பயணத்தையும், லீவிலிருந்து திரும்பும் பயணத்தையும் டியூட்டியாகவே விதிகள் கணக்கில் எடுக்கின்றன. அரசுச் செலவில் பயணம் செய்யும் தகுதி இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. தம்பியின் காரில்தானே போனார் என்று இதை வைத்து எதிர்த்தரப்பு வாதாடும். அதற்குப் பதில் மதன் சிங் ஷெகாவத் வழக்கில் இருக்கிறது. தற்செயல் விடுப்பில் கைக்காசு போட்டு ஊருக்குப் போனவர் அவர். ரயில் விபத்தில் ஒரு கையை இழந்தார். செலவு அரசுடையதா, சிப்பாயுடையதா என்பதைக் கொண்டு ஓய்வூதியத்தை மறுக்கக் கூடாது என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் அந்த விதிக்கு விரிந்த பொருள் கொடுத்தது. உங்கள் கணவரிடம் சேலத்திலிருந்து ரயில்வே வாரன்ட்டோ டிக்கெட்டோ இருந்திருக்கும். அன்றைய தேதி போட்ட அந்தத் தாள் இந்த வழக்கில் தங்கத்துக்குச் சமம்.

இப்போது நாத்தனார் வீட்டுச் சாப்பாடு. அதை மறைக்கவே கூடாது, அம்மா. பாலக்கோட்டிலிருந்து தருமபுரி வந்து சேலம் போகிறவருக்கு நல்லம்பள்ளி வழியில் இருக்கும் ஊர், அதைத் தாண்டித்தான் தொப்பூர். நெடுந்தூரம் போகிறவர் வழியில் இறங்கிச் சாப்பிடுவதால் பயணம் முறிந்துவிடாது. வேறு திசையில் அரூருக்கோ ஒகேனக்கல்லுக்கோ போய்விட்டு வந்திருந்தால் கதை வேறு. உண்மையைச் சொன்னால் இது ஒன்றுமில்லாத விஷயம். மறைத்துவிட்டு, காவல் நிலைய வாக்குமூலத்தில் உங்கள் தம்பியே அதைச் சொல்லியிருப்பது பின்னால் தெரிந்தால், மற்ற உண்மைகளையும் சேர்த்துச் சந்தேகப்படுவார்கள்.

அடுத்து காகிதங்கள். டிஸ்சார்ஜ் புக், லீவு சர்டிபிகேட், தொப்பூர் விபத்தின் எஃப்.ஐ.ஆர்., முதலில் சேர்த்த மருத்துவமனையின் விபத்துப் பதிவு இவை உங்கள் கைக்கு எட்டுபவை. மற்றவை யூனிட்டிலும் ஆவணக் காப்பகத்திலும் இருக்கும்: காயம் குறித்த ஐ.ஏ.எஃப்.ஒய். 2006 படிவம், விசாரணை மன்றம் நடந்திருந்தால் அதன் முடிவு, மெடிக்கல் போர்டு நடவடிக்கைகள், அவர் எம்பாடிட் ஆக இருந்ததைக் காட்டும் பார்ட் டூ ஆர்டர். இவற்றைக் கேட்டு உங்கள் கணவர் பெயரில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். காயப் படிவத்தில் கமாண்டிங் ஆபீசர் என்ன எழுதினார் என்பதை முதலில் பாருங்கள். அவர் ‘டியூட்டியில்’ என்று எழுதியிருக்க, மெடிக்கல் போர்டோ பென்ஷன் அலுவலகமோ அதை மாற்றியிருந்தால் பாதி வழக்கு அங்கேயே முடிந்தது. 2023 ஜூனில் வெளியேறியவர் என்பதால் இவருக்குப் பொருந்துவது ஊன ஓய்வூதியத்துக்கான 2008-ஆம் ஆண்டு தகுதி விதிகள். 2023 செப்டம்பர் 21 முதல் வந்த புதிய விதிகளை யாராவது காட்டினால் ஏற்க வேண்டாம். பழைய விதிகளில், வெளியேறி 15 ஆண்டுக்குள் கேட்பவர் மேல் நிரூபிக்கும் சுமையை வைக்கக் கூடாது என்று இருக்கிறது.

மறுப்புக்கு எதிரான முதல் மேல்முறையீட்டுக்கு ஆறு மாதம்தான் கெடு. அது போய்விட்டது. தாமதத்தை மன்னிக்கக் கேட்டு மேல்முறையீட்டை இப்போதே அனுப்புங்கள். அதோடு சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்கும் தயாராகுங்கள். தமிழ்நாட்டில் குடியிருக்கும் முன்னாள் வீரர் அங்கே மனு போடலாம். அந்தத் தீர்ப்பாயத்துக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு அங்கேயும் ஆறு மாதக் கெடு வைக்கிறது, போதுமான காரணம் காட்டினால் மன்னிக்கவும் வழி வைக்கிறது. ஓய்வூதிய மறுப்பு மாதாமாதம் தொடரும் இழப்பு என்பதால் மனுவைத் தாமதத்துக்காக மட்டும் தள்ளிவிடுவது அரிது. ஆனால் 2008-இல் வந்த தர்செம் சிங் தீர்ப்பின்படி, மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டு நிலுவைதான் கிடைக்கும். 2026 ஜூனைத் தாண்டிப் போட்டால், தாண்டிய ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதப் பணம் திரும்பி வராது.

எவ்வளவு கிடைக்கும்? ஊன ஓய்வூதியத்தில் ஊனப் பகுதி, சேவைப் பகுதி என்று இரண்டு உண்டு. ஊனப் பகுதி, 100 சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். உங்கள் கணவருக்கு 40 போட்டிருந்தாலும், 50-க்குக் கீழே உள்ளதை 50 ஆக உயர்த்திக் கணக்கிட வேண்டும். 2014-இல் ராம் அவதார் வழக்கில் உறுதியானது இது. கணக்குக்கு எடுக்கும் சம்பளம் மாதம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 6,000 ரூபாயும் அதற்கான அகவிலைப்படியும். மருத்துவக் காரணத்தால் வெளியேற்றப்பட்டார் என்று டிஸ்சார்ஜ் புக்கில் இருந்தால் சேவைப் பகுதியும் சேரும். இது ஊனப் பகுதியைவிடப் பெரிய தொகை, இதற்குக் குறைந்தபட்ச சேவைக்காலம் எதுவும் கிடையாது. பணத்தோடு இன்னொன்றும் வரும். பணியால் ஊனமுற்ற டி.ஏ. வீரர் சட்டப்படி ‘முன்னாள் படைவீரர்’ ஆகிறார். பிள்ளைகளின் படிப்பு முதல் வேலைவாய்ப்பு வரை அந்த ஒரு தகுதியால் திறக்கும் கதவுகள் பல. தருமபுரி முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

லாரி மோதியதற்கான இழப்பீடு இதிலிருந்து தனி. தருமபுரியில் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் அதையும் கேட்கலாம். இழப்பீட்டு மனுவுக்கான ஆறு மாதக் கெடு நடைமுறைக்கு வந்தது 2022 ஏப்ரல் 1-இல், உங்கள் விபத்து அதற்கு முன் நடந்தது. வழக்கு ஏற்கெனவே போட்டிருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. போடவில்லை என்றால் இந்த மாதமே போடுங்கள்.

2025 மே 6 அன்று மத்திய அரசு டெரிடோரியல் ஆர்மியை அழைக்கும் அதிகாரத்தை ராணுவத் தளபதிக்குக் கொடுத்தது. 32 காலாட்படை பட்டாலியன்களில் 14 பட்டாலியன்களை 2028 பிப்ரவரிவரை பணியில் அமர்த்த அது வழிசெய்கிறது. உங்கள் கணவரைப் போல லீவுக்கு வந்து திரும்புகிறவர்கள் இனியும் நிறைய இருப்பார்கள். இந்தப் பதிலை வெட்டி அவர்கள் வீட்டிலும் கொடுங்கள்.

வக்கீல் செலவுக்காகத் தயங்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவில் மாற்றுத்திறனாளிக்கும் பெண்களுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். நிலுவையில் பங்கு கேட்டு வரும் இடைத்தரகர் யாரிடமும் டிஸ்சார்ஜ் புக்கின் அசலைக் கொடுத்துவிடாதீர்கள். நகல் மட்டும் போதும்.